வீங்கிய கைக்கு மசாஜ் என்று 18,500 ரூபாய் போச்சு, பாலக்காடு பக்கம் இருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்த சென்டரிலிருந்து மூன்றாவது தடவையாக வெறுங்கையோடு திரும்பினேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். போனது 18,500 ரூபாய்.

அம்மாவுக்குப் போன வருஷம் வலது மார்பில் ஆபரேஷன். அக்குளிலிருந்து 14 நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இந்த ஆடியில் வலது கை வீங்க ஆரம்பித்தது. வளையல் ஏறவில்லை, ஜாக்கெட் கை பிடித்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறணுமே என்று நான் சோம்பல்பட்டேன், அது என் தப்புதான். பாலக்காடு போகிற ரோட்டில் ஒரு மசாஜ் சென்டர், போர்டில் 'லிம்ஃப் டிரெய்னேஜ்' (நிணநீரை வடிய வைக்கிற மசாஜ்) என்று கொட்டை எழுத்து.

உள்ளே இருந்த பெண் அம்மாவின் கையை மடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த குழியைக் காட்டினாள். "கண்டோ சேச்சி? பத்து சிட்டிங்ல வற்றிப் போகும்." அப்புறம் அம்மாவிடம், "ஊணு கழிச்சோ அம்மே?" சாப்பிட்டீங்களா என்று. அவ்வளவுதான், அம்மா உருகிவிட்டாள். நானும் அங்கேயே மொத்தப் பணத்தையும் ஜிபே பண்ணினேன்.

சூடான எண்ணெய், முழங்கையை ஊன்றித் தேய்ப்பு. மூன்றாவது சிட்டிங் முடிந்த ராத்திரி கை சிவந்து கொதித்தது, நடுக்கத்தோடு காய்ச்சல். விடிந்ததும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு ஓடினோம். தோலுக்கடியில் கிருமித் தொற்று, ஆன்டிபயாடிக் போட்டார்கள்.

அங்கே பிசியோ டாக்டர் டோக்கன் சீட்டின் பின்னால் வரைந்து காட்டினார். மார்பு என்றால் முன்பக்கம் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் வால் ஒன்று அக்குளுக்குள்ளேயே போகிறதாம். நிணநீர் என்றால் திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்துக்குத் திரும்புகிற நீர். மார்பின் நிணநீரில் ஏறக்குறைய 75 சதவீதம் அக்குள் நெறிக்கட்டிகளுக்குத்தான் வருகிறது, மீதியில் பெரும்பங்கு மார்பெலும்பு ஓரமாக உள்ளே இருக்கும் நெறிக்கட்டிகளுக்கு. கையின் நீருக்கும் அதே அக்குள்தான் வழி, அங்கிருந்து காறை எலும்புக்கு அடியில் ஏறி கழுத்தடி ரத்தக்குழாயில் சேர வேண்டும். அந்த மடையையே வெட்டி எடுத்தாச்சு, அப்புறம் வாய்க்காலைப் போட்டு மிதித்து என்ன பயன்? முறையான சிகிச்சையில் தோலை மட்டும் நகர்த்துகிற மாதிரி மெல்லத் தடவி, முதலில் கழுத்துப் பக்கத்தையும் நல்ல பக்கத்தையும் திறந்துவிட்டு, பிறகு கைக்கு வருவார்களாம். கூடவே கட்டு, இறுக்கமான கையுறை, உடற்பயிற்சி. சென்டர் சுவரில் இருந்த படத்திலோ மார்பிலிருந்து பச்சைக் கோடு நேரே வயிற்றுக்கு இறங்கும், "கழிவு மூத்திரத்தில் போயிடும்" என்று!

கைக்குழந்தையோடு கூட வந்த அண்ணிக்கும் ஒரு பேக்கேஜ் தள்ளப் பார்த்தார்கள். அவளுக்கு அக்குளில் சின்னப் புடைப்பு, பால் கொடுக்கும்போது பெருசாகும். "கழிவு தேங்கியிருக்கு" என்றார்கள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அது மார்புத் திசுவேதான் என்றார். கருவில் அக்குளிலிருந்து தொடை இடுக்குவரை ஒரு பால்கோடு உண்டாகி, நெஞ்சில் மட்டும் நின்று மற்றது மறைந்துவிடும், சிலருக்கு அக்குளில் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதானாம்.

இனி பணக் கதை. முதல் தடவை, "நோக்காம் சேச்சி," பார்க்கலாம் அக்கா என்று. இரண்டாவது தடவை, மேனேஜர் திருச்சூரில், ஓணம் கழியட்டும். நேற்று பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் 'ரீஃபண்ட் இல்லை' என்பதைக் காட்டிவிட்டு, மிச்சம் ஏழு சிட்டிங்கை எனக்கு ஃபேஷியலாகத் தருகிறார்களாம். அம்மா கை வெந்து கிடக்கிறது, எனக்கு ஃபேஷியல்! 18,500 ரூபாய்க்கு!

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஆபரேஷன் பண்ணின டாக்டரைக் கேட்காமல் யாரையும் தொட விடாதீர்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். பில்லின் அடிவரியைப் படியுங்கள். கை சிவந்து சுட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மா இன்னும், "அந்தப் பிள்ளையைத் திட்டாதே, சாப்பிட்டியான்னு கேட்டுச்சு" என்கிறாள்.