டபிள்யூஏபி-7 எச்ஓ பாடி கிட்: முகத்துக்கு முழு மார்க், மிச்சத்துக்கு எமரி பேப்பர்

பெட்டியைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்ததும் ஓடுகிற இன்ஜின் வேண்டும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது முழு மாடல் இன்ஜின் இல்லை, நம் ரயில்வேயின் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினின் உருவத்தில் மாடல் இன்ஜினுக்குப் போடுகிற சட்டை. உள்ளே மோட்டார் கிடையாது, சக்கரம் கிடையாது, ஜன்னல் கண்ணாடிகூடக் கிடையாது. வீட்டில் ரெசின் பிரிண்டர் வைத்துத் தனியாளாகச் செய்து விற்பவரிடம் வாங்கினேன். கடையும் இல்லை கம்பெனியும் இல்லை, வேலைக்குப் போய்வந்து இரவில் அச்சடிக்கிற ஆள், அதனால் பெயரைப் போடவில்லை. விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, கூரியர் தனி.

அந்தக் காசுக்கு என்ன வருகிறது என்றால், ஒரே துண்டாக பாடி, தனியாகக் கூரை, நடுவில் தொங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, போகி (சக்கரத் தொகுதி) பக்கச்சட்டம் நான்கு, பஃபர், இன்சுலேட்டர், கூரைமேல் மின்கம்பியைத் தொடுகிற பான்டோ இரண்டு, எழுத்துகளும் எண்களும் ஒட்ட ஒரு டெக்கல் தாள். எதை எங்கே ஒட்டுவது என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் இரவு பதினொன்றுக்குப் பதில் வருகிறது, அதுவும் பொறுமையாக, அம்புக்குறி போட்ட படத்தோடு. அதையே ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டால் அவருக்கும் தூக்கம் மிச்சம்.

நிஜ டபிள்யூஏபி-7 பஃபரோடு சேர்த்து 20.56 மீட்டர். எச்ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு, கணக்குப்படி 236 மில்லிமீட்டர் வர வேண்டும், வெர்னியர் வைத்து அளந்ததில் சரியாக வந்தது. ஆனால் நீளம் சரியாக வருவது பெரிய விஷயமில்லை, வரைபடம் கையில் இருந்தால் யாரும் கொண்டுவந்துவிடுவார்கள். முகம்தான் சோதனை. பின்னால் சாய்கிற முன்கண்ணாடியின் கோணம், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற தூணின் அகலம், மேலே ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கிற சின்ன மேடு, இதில் எது ஒன்று அரை மில்லிமீட்டர் தவறினாலும் நமக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் 'இது அது இல்லை' என்று மட்டும் தெரிந்துவிடும். சென்ட்ரலில் நடைமேடை முனைவரை நடந்து போய் இன்ஜினைப் பார்த்துவிட்டு வருகிற ஜாதி நாம், நம்மை ஏமாற்ற முடியாது. இந்த ஆள் ஏமாற்றவில்லை. நான் பார்த்த இரண்டு மூன்று பிரிண்டுகளில் இவ்வளவு சரியான முகம் எதிலும் இல்லை. இந்த விமர்சனத்தில் மேற்கொண்டு வருகிற குறைகளையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு இது ஒன்றுதான் காரணம்.

'எதற்கு இந்தக் கஷ்டம், வெளிநாட்டிலிருந்து நல்லதாக ஒன்று வரவழைக்க வேண்டியதுதானே' என்று கேட்பவர்களுக்கு: பொம்மைக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது, ஸ்கேல் மாடலும் அதே தலைப்பில்தான் வருகிறது. அப்படிக் கட்டி வாங்கினாலும் ஐரோப்பிய, அமெரிக்க இன்ஜின்தான் கிடைக்கும். என் அலமாரியில் ஜெர்மன்காரர்களின் 151 வகுப்பு எலெக்ட்ரிக் இன்ஜின் ஒன்று நிற்கிறது, பிகோ கம்பெனி செய்தது, பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் அதன் பின்னால் நம் ரயில்வேயின் எல்எச்பி பெட்டிகளைக் கோத்தால் ஏதோ தூதரகத்திலிருந்து கடன் வாங்கின மாதிரி இருக்கிறது.

சரி, சேசிஸ், அதாவது மோட்டாரும் சக்கரமும் இருக்கிற அடிச்சட்டம். கிட்டில் இரண்டு வகை அடாப்டர் தட்டு வருகிறது, ஒன்று இந்த 151-க்கு, இன்னொன்று கேட்டோ கம்பெனி செய்கிற எஸ்டி40-2 என்கிற அமெரிக்க டீசலுக்கு. எலெக்ட்ரிக் இன்ஜினுக்கு எலெக்ட்ரிக் சேசிஸ்தானே பொருத்தம் என்று தோன்றும். அளவு எடுத்துப் பார்த்தால் கதை வேறு. டபிள்யூஏபி-7-இன் சக்கர விட்டம் 1092 மி.மீ., எச்ஓவில் பன்னிரண்டரை. 151-க்கு 1250, அதாவது 14.4. போகியும் நம்முடையதைவிட நீளம். அதில் ஏற்றினால் பாடி வண்டிமேடையில் நிற்கிற மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், பக்கச்சட்டத்துக்குக் கீழே சக்கரம் பிதுங்கும். அமெரிக்க டீசலுக்கு 40 அங்குலச் சக்கரம், எச்ஓவில் 11.7. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தைப் பார்க்கிறவர் தவிர மற்றவர் கண்ணுக்கு இது உறுத்தாது. டீசலின் சொந்த பாடி ஒடுக்கமானது, அதனால் உள்ளே உலோக எடை மெலிதாக நடுவில் மட்டும் நிற்கிறது, நம் அகலமான பாடி அதன் மேல் தாராளமாக இறங்குகிறது. டீசல் டேங்க் இருக்கிற இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வந்து மூடிக்கொள்கிறது, அதை யோசித்து வரைந்ததற்கு அவருக்கு ஒரு சபாஷ். போகிகள் மட்டும் நிஜத்தைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கின்றன. இந்த ஒரு சமரசத்தோடு நான் டீசல் பக்கம் போய்விட்டேன். 151-இன் பாடியைக் கழற்ற எனக்கு மனமும் வரவில்லை என்பது வேறு விஷயம். பழைய எஸ்டி40-2 ஒன்று, பாடி உடைந்தது, இன்னொரு ஆர்வலரிடம் இருந்தது. மோட்டார் நன்றாக இருந்தால் போதும், அப்படி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

இனி குறைகள். என் பாடியின் ஒரு பக்கம் நடுவில் உள்வாங்கி இருந்தது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நீளமான ரெசின் பிரிண்டை யூவி விளக்கில் அவசரமாகக் காயவைத்தால் இது வரும். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரில் முக்கி எடுத்து, உள்ளே அளவுக்கு வெட்டிய மரத்துண்டை நிறுத்தி ஆறவிட்டால் நேராகிவிடும். ஆனாலும் நாலாயிரம் கொடுத்தவன் முதல் வேலையாக அடுப்பு பற்றவைக்க வேண்டியிருப்பது சரியில்லை. பக்கவாட்டுக் காற்றுத் தடுப்புகளில் (லூவர்) கீழ்வரிசை ரெசின் தேங்கி அடைத்துக்கொண்டிருந்தது, ஊசி வைத்துத் தோண்டினேன். கூரையின் வளைவில் அச்சு வரிகள் படிக்கட்டு போட்டிருந்தன. 400, அப்புறம் 800 எமரி, இரண்டும் தண்ணீரில் நனைத்து. ரெசின் தூளை மூக்குக்குள் இழுக்கக் கூடாது, உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். ப்ரைமர் ஒரு கை அடித்ததும் மறைந்திருந்த வரிகள் எல்லாம் வெளியே வரும், மறுபடி தேய்ப்பு. வெறுத்துப்போகிற கட்டம் இதுதான், பலர் கிட்டை இங்கேதான் அலமாரி மேல் ஏற்றுகிறார்கள்.

பான்டோவைப் பற்றிப் பேசுவதே வீண். ரெசினில் அச்சடித்த பான்டோ தொட்டால் ஒடியும், தும்மினால் ஒடியும். சோமர்ஃபெல்ட்டின் உலோக பான்டோ ஒரு ஜோடி வாங்கிப் போட்டுவிட்டேன், கிட்டில் பாதி விலை அதற்கே போயிற்று. தனி இன்ஜினாக ஓடும்போது பின்பக்கத்து பான்டோவைத்தான் தூக்க வேண்டும், முன்னது உடைந்து சிதறினால் பின்னதையும் கெடுக்கும் என்பதால் நிஜத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். படங்களில் பல மாடல்கள் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போஸ் கொடுக்கும்போது எனக்குக் கை பரபரக்கும். மின்கம்பி போடுகிறவர்கள் உயரத்தையும் நம் ஊர்க் கணக்கில் வையுங்கள்: 5.5 மீட்டர் என்றால் தண்டவாளத்தின் மேலிருந்து 63 மி.மீ.

பெயின்ட் வேலை சுலபம். முதலில் வெள்ளை, காய்ந்தபின் டாமியா டேப் ஒட்டிச் சிவப்புப் பட்டை. சிவப்பின் மேல் வெள்ளை அடிக்க நினைத்தால் நாலு கோட் போட்டாலும் ரோஸ் எட்டிப்பார்க்கும். சென்னைக்காரர்கள் அடைமழை நாட்களில் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள், ஈரக்காற்றில் லாக்கர் வெளிறிப்போய்ப் பால் ஏடு மாதிரி படியும்.

டெக்கல் தாளில் ராயபுரம், ஈரோடு, லாலாகுடா, காசியாபாத் என்று ஷெட் (இன்ஜின் பராமரிப்பு இடம்) பெயர்களும் எண் வரிசைகளும் இருக்கின்றன, முதல் இன்ஜினான 30201 'நவகிரண்' உட்பட. எழுத்துகள் கூர்மை. ஆனால் ஃபிலிம் தடிமன், காற்றுத் தடுப்பு மேல் ஒட்டினால் கூடாரம் போட்டு நிற்கிறது. டெக்கலை இளக்குகிற மைக்ரோ சால் இரண்டு தடவை தடவி, கத்தி முனையில் கீறி இறக்க வேண்டியிருந்தது. நான் ராயபுரம் போட்டேன். ஈரோட்டுக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

விளக்குக்குக் கிட்டில் ஓட்டை மட்டும் விட்டிருக்கிறார், அது போதும். சென்னை ரிச்சி தெருவில் 0603 என்கிற பொடி அளவு எல்இடி சில்லறைக்குக் கிடைக்கிறது, ஹெட்லைட்டுக்கு வெள்ளை, மார்க்கருக்குச் சிவப்பும் வெள்ளையும், மேலே ஃப்ளாஷருக்கு மஞ்சள். டிகோடர் (விளக்கையும் மோட்டாரையும் கட்டுப்படுத்துகிற சின்ன சர்க்யூட்) அவுட்புட்டில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டு 'ஐயோ டார்ச் லைட் மாதிரி எரிகிறதே' என்று புலம்புகிறவர்கள் உண்டு, ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் வையுங்கள். உள்சுவரில் கறுப்பு பெயின்ட் அடிக்காவிட்டால் ரெசின் வழியே வெளிச்சம் ஊடுருவி மொத்த முகமும் ஒளிரும். டிகோடரில் வேகம் ஏறுவதையும் குறைவதையும் மெதுவாக்குகிற சிவி 3, சிவி 4 இரண்டையும் தாராளமாக ஏற்றுங்கள். 123 டன் இன்ஜின் ஆட்டோ மாதிரி குபீரென்று கிளம்பக் கூடாது.

ஒலிக்கு ஒரு யோசனை. நம் இன்ஜினுக்கென்று பதிவு செய்த ஒலிக்கோப்பு கைவசம் இல்லாதவர்கள் சுவிஸ் ரயில்வேயின் ரீ 460 எலெக்ட்ரிக் இன்ஜினின் கோப்பைப் போட்டுப் பாருங்கள். டபிள்யூஏபி-7-இன் பூர்வீகம் சுவிஸ்-ஸ்வீடன் கம்பெனியான ஏபிபி. 1990-களில் அவர்களிடமிருந்து வந்த டபிள்யூஏஜி-9 சரக்கு இன்ஜினின் பல்சக்கர விகிதத்தை மாற்றிப் பயணிகள் ரயிலுக்காகச் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் செய்ததுதான் இது. ரீ 460-உம் அதே ஏபிபியின் ஜிடிஓ (மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற பழைய வகை மின்னணு சுவிட்ச்) காலத்துப் பிள்ளை. கிளம்பும்போது படிப்படியாகச் சுருதி ஏறுகிற அந்தப் பாட்டு, பழைய ஜிடிஓ இன்ஜின்களைக் கேட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். ஐஜிபிடி என்கிற புது வகை சுவிட்ச் வைத்த பிற்கால இன்ஜின்களுக்கு அது பொருந்தாது. ஹாரன் மட்டும் மாற்றியாக வேண்டும், சுவிஸ் விசில் அடித்துக்கொண்டு ஜோலார்பேட்டையைக் கடந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

ஓட்டம் நன்றாக இருக்கிறது, அது சேசிஸின் புண்ணியம். வளைவில்தான் கவனம். பிகோ ஏ தண்டவாளத்தில் ஆர்2, அதாவது 421.88 மி.மீ. ஆரமுள்ள வளைவில், இன்ஜின் போகிறது, ஆனால் பின்னால் வருகிற 270 மி.மீ. எல்எச்பி பெட்டி வளைவில் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துப் பாதையின் ரயிலை இடிக்கிறது. ஆர்3-க்குக் கீழே யோசிக்காதீர்கள். 24 பெட்டி முழு ரேக் என்று கனவு காண்கிறவர்கள் ஒரு தடவை பெருக்கிப் பார்க்கவும்: இன்ஜினையும் சேர்த்தால் ஆறரை மீட்டருக்கு மேல். என் மாடி அறையில் ஆறு பெட்டிதான் நிற்கிறது, மூன்றாம் ஏசி மூன்றும் ஸ்லீப்பர் மூன்றும், பேன்ட்ரி இல்லை, பயணிகள் பட்டினி.

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கிற அகலம் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். ஆமாம், நம் அகலப்பாதை 1676 மி.மீ., எச்ஓவில் 19.3 வர வேண்டும், ஓடுவது 16.5-ல். நேர் எதிரே குனிந்து பார்த்தால் கால் ஒடுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, நாம் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறோம். அதற்காகத் தண்டவாளம், சக்கரம் எல்லாம் கையால் செய்கிறவர்களுக்கு என் வணக்கம், எனக்கு அந்த ஆயுள் இல்லை. கேஜ் சரியாக வர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதே ஆளிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன்: ஒய்ஏஎம்-1. ஜப்பானிலிருந்து வந்து கடற்கரை, தாம்பரம், விழுப்புரம் என்று மீட்டர் கேஜில் ஓடிய எலெக்ட்ரிக். மீட்டர் கேஜ் எச்ஓவில் 11.5 வரும், கடையில் கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட அதேதான். 'பார்க்கலாம் சார்' என்றிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து கேட்டால் வரைவார் என்று நினைக்கிறேன்.

ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாடியை முழுதாகக் காயவைத்து, அனுப்பும் முன் இரு பக்கமும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கேட்டால் செய்கிறார். பான்டோ வேண்டாம் என்றால் விலையில் கொஞ்சம் குறைக்கிறார், இதை அவராகச் சொல்ல மாட்டார். நான் அடுத்ததாக டபிள்யூஏபி-4 சொல்லியிருக்கிறேன், பான்டோ இல்லாமல்.