ஊசியா, வந்து மாறின வருத்தமா: எந்த நினைவு நிற்கும்?

"எனக்குக் கொரோனா வந்து மாறிட்டுது, இனி ஊசி எதுக்கு?" என்பார் ஒருவர். "ரெண்டு சைனோபார்ம், மேல ஒரு பைசர், அதுக்குப் பிறகும் வந்ததே" என்பார் மற்றவர். திருகோணமலையில் தேத்தண்ணிக் கடைகளில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. இருவரும் பார்ப்பது ஒன்றைத்தான்: திரும்ப வந்ததா, இல்லையா?

அதை மட்டும் பார்த்தால் இரண்டு கட்சியும் தோல்வி. இங்கிலாந்தில் இரண்டு பைசர் ஊசி போட்டவர்களுக்கு, ஒமிக்ரோன் வகைக் கொரோனாவின் அறிகுறிகளுக்கு எதிரான பாதுகாப்பு முதல் மாதத்தில் சுமார் 65 சதவீதம் இருந்தது. ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கும் கீழே போனது. வருத்தம் வந்து மாறினவர்கள் கொஞ்சம் மேல். பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான கணக்கின்படி, ஒரு வருடம் கழித்து ஒமிக்ரோன் மறுதொற்றைத் தடுப்பது சுமார் 25 சதவீதம்.

ஆனால் வைத்தியசாலையில் படுக்காமல் காப்பதில் கதை வேறு. அதே கணக்கில், வருத்தம் வந்தவருக்கு ஒரு வருடத்தின் பின்னும் சுமார் 75 சதவீதம். ஊசி, வருத்தம் இரண்டும் உள்ளவருக்கு 97.

ஏன் இந்த இடைவெளி? கிருமியைப் பிடித்து முடக்கும் பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) இரத்தத்தில் மாதக்கணக்கில் குறைந்துவிடும். பழைய கிருமியை நினைவு வைத்திருக்கும் நினைவுக் கலங்கள் அப்படிப் போவதில்லை. கொரோனாவின் உறவான 2003 சார்ஸ் வந்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அப்படிப்பட்ட டி கலங்களைக் கண்டார்கள். சிக்கல், அவை விழித்துப் பெருகச் சில நாள் வேண்டும். சின்னமுத்து உடலுக்குள் புகுந்து காய்ச்சல் காட்டப் பத்து நாளாவது எடுக்கும், அதற்குள் நினைவு எழுந்துவிடும். ஒமிக்ரோனுக்கு மூன்று நாள் போதும். மூக்கும் தொண்டையும் அதன் கையில் போன பிறகுதான் இவை வருகின்றன. நுரையீரலைக் காக்க அது போதும், தடிமனைத் தடுக்கப் போதாது.

மூக்கின் சளியில் பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதில் வருத்தம்தான் முந்துகிறது. கையில் போடும் ஊசி அங்கே பலவீனம். பைசர், வைரஸின் மேலுள்ள முள் புரதத்தை மட்டும் உடலுக்குக் காட்டுகிறது, சைனோபார்ம் செத்த வைரஸை முழுதாகக் காட்டுகிறது. ஆனாலும் சைனோபார்ம் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் அளவில் குறைவு, முதியவர்களிடம் இன்னும் குறைவு.

விலையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊசிக்கு ஒரு நாள் காய்ச்சலும் கைவலியும். முதல் வருத்தத்துக்கு என்ன விலை என்று 2021 ஓகஸ்டில், டெல்டா வகைக் கொரோனா நாளொன்றுக்குச் சுமார் 200 பேரைக் கொண்டுபோனபோது, நாடே பார்த்தது. நினைவு வேண்டுமென்று வருத்தத்தைத் தேடிப் போவது புத்தியில்லாத வேலை. ஏற்கெனவே வந்துவிட்டதா, சரி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. காசு கட்டிப் பிறபொருளெதிரி அளவு பார்ப்பவர்கள் உண்டு. அந்த ரிப்போர்ட்டில் நினைவுக் கலங்கள் தெரியாது. எழுபது தாண்டிய, சீனி வருத்தமுள்ள அம்மம்மாவுக்கு இன்னொரு ஊசி வேண்டுமா என்பதை அந்த எண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்; வயதையும் கடைசி ஊசித் திகதியையும் கொண்டு போய் வைத்தியரிடம் கேளுங்கள்.