எண்ணெய் டின்னா, போத்தல் பெட்டியா? லிட்டர் கணக்கில் பாருங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாமாயிலுக்கு இரண்டு விநியோகிப்பாளர்கள் விலை சொல்கிறார்கள். ஒருவர் 17 கிலோ டின் 41 வெள்ளி, வரி தனி என்கிறார். மற்றவர் 5 லிட்டர் போத்தல் நான்கு உள்ள பெட்டி 46 வெள்ளி, வரி உட்பட என்கிறார். (விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான்.)

டின்தான் மலிவாகத் தெரியும். ஆனால் ஒன்று கிலோவில், மற்றொன்று லிட்டரில். பலர் இடறும் இடம் இதுதான். பாமாயில் ஒரு லிட்டர் சுமார் 0.91 கிலோ எடை. ஆக, டின்னில் ஏறக்குறைய 18.7 லிட்டர். 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சேர்த்தால் டின் 44.69 வெள்ளி, அதாவது லிட்டர் 2.39. பெட்டியில் லிட்டர் 2.30. மலிவு பெட்டிதான்!

உங்கள் கடை வரிக்குப் பதிவு செய்திருந்தால், கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். அப்போது இரண்டிலும் வரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்: டின் லிட்டர் 2.19, பெட்டி 2.11.

அடுத்து லாரிக் கூலி. இதை விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கட்டாயம் கேளுங்கள். டின் இலவசமாக வந்து, பெட்டிக்காரர் நடைக்கு 10 வெள்ளி வாங்கினால் கணக்கே புரண்டுவிடும். ஒரு பெட்டி மட்டும் எடுத்தால் லிட்டர் 2.80. ஐந்து எடுத்தால் 2.40, வரி சேர்த்த டின் விலையான 2.39-க்குக் கிட்டத்தட்ட சமம். பத்து எடுத்தால்தான் 2.35.

பத்துப் பெட்டி அடுக்க இடமில்லாத சின்ன அடுக்களைக்கு நான் டின்னையே சொல்வேன். கேட்டரிங் செய்பவர்கள் தயங்காமல் பெட்டியை எடுக்கலாம்.