இண்டியானா ஜோன்ஸ்: வெளியான வரிசையா, கதை நடக்கும் வரிசையா?

இண்டியானா ஜோன்ஸ் என்ற ஹாலிவுட் சாகசத் தொடரின் ஐந்து படங்களை எந்த வரிசையில் பார்ப்பது? இந்த இரு வரிசைகளும் மாறுபடுவது முதல் இரண்டில் மட்டுமே. 1981இல் வந்த முதல் படத்தின் கதை 1936இல் நடக்கிறது. 1984இல் வந்த இரண்டாவதோ 1935க்குப் போகிறது. கதை வரிசையில் பார்த்தால் ஆண்டுக் கணக்கு நேராகும், அவ்வளவுதான். ஆனால் உயிருள்ள மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் படம் அந்த 1984 படம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 தரப்பிரிவு அமெரிக்காவில் அதே ஆண்டில் பிறக்க அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கு முதல் அறிமுகம் அதுவாக இருக்கவே கூடாது. தவிர, நாயகனுக்குப் பாம்பென்றால் நடுக்கம் என்பதை 1981 படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. 1989 படத்தில் சிறுவனாகச் சர்க்கஸ் ரயிலில் பாம்புகளுக்கு நடுவே அவன் விழும்போது, அந்தப் பயத்தின் வேர் தெரிகிறது. என்ன அழகான பின்கதை! வெளியான வரிசையே என் தேர்வு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதல் படத்தின் இறுதியில் முகங்கள் உருகும்போது கண்ணைப் பொத்திவிட்டு, இரண்டாவதைத் தள்ளிவைத்து, 1989க்குத் தாவிவிடுங்கள். கதை எங்கும் அறுபடாது.