வானலையை அளக்க: பழைய டிஷ்ஷா, டொங்கிளா?

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிப்பது வேறு. அதன் வலிமையை நேரத்தோடு எழுதி வைப்பது வேறு. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டாவது வேலையில் இறங்க ஆசைப்படுகிறவருக்கு நான் முதலில் காட்டுவது வளவு மூலையில் கிடக்கும் 60 சென்ரிமீற்றர் ரீவி டிஷ்ஷைத்தான்.

டிஷ் பூட்டுபவர்கள் அலையின் வலிமை பார்க்க வைத்திருக்கும் ஊசி மீற்றர் ஒன்று கூட இருந்தால் போதும். சூரியன் போகும் வழியில் கொஞ்சம் முன்னுக்கு டிஷ்ஷைத் திருப்பி அசையாமல் விடுங்கள். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ரீவி டிஷ் வேலை செய்யும் 11 கிகாஹெர்ட்ஸில் அது பார்ப்பது வானத்தில் ஏறக்குறைய 3 பாகை அகலம். கொக்குவிலில் ஒரு பின்னேரம் அரை நிமிடத்துக்கு ஒருதரம் கொப்பியில் குறித்தேன். 2இல் நின்ற ஊசி 7க்கு ஏறி, அரை மணித்தியாலத்துக்குள் திரும்ப 2க்கு வந்தது. பிறகு டிஷ்ஷை மதிலுக்குத் திருப்பினேன். ஊசி மறுபடி ஏறியது! வெறும் மதில்தான், ஆனால் 300 கெல்வின் சூட்டில் அதுவும் ரேடியோ அலை விடுகிறது. குளிர்ந்த வானம் ஒரு புள்ளி, மதில் மறுபுள்ளி: அளவுகோல் கிடைத்துவிட்டது.

எஸ்டிஆர் டொங்கிள் என்பது கணினியில் செருகும் சின்ன ரேடியோ வாங்கி. அது எட்டும் தூரம் பெரிது. தகரக் கூம்பு அன்ரனாவும், அதன் வாயடியில் ஒரு பெருக்கியும் இருந்தால் 1420.4 மெகாஹெர்ட்ஸில் பால்வெளியின் ஹைட்ரஜனே தெரியும். இரவு முழுக்கத் தானே பதியும். ஆனால் வலிமையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை முதலில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளக்க வந்ததையே அது அழித்துவிடும். சூடேறினாலும் கணக்கு வழுக்கும். தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை. டிஷ்ஷில் மதிலைப் பார்த்துப் பழகியவருக்கு, இடையிடையே கூம்பை நிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கத் தோன்றும்.

வியாழன் கோளின் ரேடியோ இரைச்சலைக் கேட்க 20.1 மெகாஹெர்ட்ஸ் கம்பி அன்ரனா கட்டுவது மூன்றாவது வழி. எல்ஈடி பல்பும் இன்வேட்டரும் இரையும் ஒழுங்கைக்குள் அது சரிவராது. கல்லுண்டாய் வெளி மாதிரி வீடுகளில்லாத இடம் வேண்டும்.

டொங்கிளை நான் விரும்புவது அதன் பொறுமைக்காக. அமெரிக்கப் பொறியியலாளர் கார்ல் ஜான்ஸ்கி 1930களில் தன் பதிவுத் தாளில் கண்ட இரைச்சல், நட்சத்திரங்களைப் போலவே, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பி வந்தது. அதை வைத்துத்தான் அது பால்வெளியிலிருந்து வருவதென்று பிடித்தார். உங்கள் பதிவிலும் வலிமை ஏறி இறங்கும் மேடு ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தினால் அது வானம். மணிக்கூடு பார்த்தது போல ஒரே நேரத்துக்கு வந்தால் பக்கத்து வீட்டை விசாரியுங்கள்.