டிஆர்எக்ஸ் வாங்கியாயிற்று, முதல் காசை எதில் போடுவது?

2021 முதல் 2024 வரை வந்த ராம் 1500 டிஆர்எக்ஸ் பிக்கப்புகள் அமெரிக்காவில் இப்போது இரண்டாம் கைக்கு நிறைய வருகின்றன. வாங்கிய வாரமே எல்லோருக்கும் வரும் கேள்வி, முதலில் எதை மாற்றலாம் என்பதுதான். 6.2 லிட்டர் வி8 எஞ்சின், அதன் தலைமேல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜர், 702 குதிரைத்திறன், 881 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). எடையோ 2,880 கிலோ அளவில். அப்படியிருந்தும் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தைத் தொட 4.5 விநாடி போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

இவ்வளவு சக்தியோடு வந்த வண்டிக்குப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாமானும் ஒரே மாதிரி பலன் தராது. அதனால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பலரும் முதலில் கை வைப்பது ஏர் இன்டேக்கில்தான், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயும் ஃபில்டரும். விலை குறைவு, ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம், சூப்பர்சார்ஜரின் சீறலும் கூடுதலாகக் கேட்கும். ஆனால் டிஆர்எக்ஸ் பானட்டில் இருக்கும் அந்தத் திறப்பு அழகுக்கு வைத்ததல்ல. அதன் வழியாகவும் முன் கிரில் வழியாகவும் காற்று பெரிய ஃபில்டர் பெட்டிக்குள் போகிறது. கம்பெனியே இவ்வளவு தாராளமாக வழி விட்டபிறகு, வெளியில் வாங்கும் குழாய் புதிதாக எந்த அடைப்பைத் திறக்கப்போகிறது? வெளிச்சந்தை ஃபில்டர்கள் சிலவற்றில் எண்ணெய் தடவியிருப்பார்கள். பாலைவனப் புழுதியில் ஓட்டுகிறவர் உலர் ஃபில்டரோடு இருப்பதே நல்லது. சத்தம் பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சக்திக்காக வேண்டாம்.

எக்ஸாஸ்ட்டும் கிட்டத்தட்ட இதே கதைதான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றினால் குரல் மாறும், சக்தியில் பெரிய வித்தியாசம் தெரியாது. கன்வெர்ட்டரையே கழற்றினால் ஏதோ கிடைக்கும். ஆனால் அது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம், கலிஃபோர்னியாவில் புகைச் சோதனையிலும் தேறாது. அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி அடுத்த மூன்றுக்குள்தான்: ட்யூன் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்குகளை மாற்றி எழுதுவது), சூப்பர்சார்ஜர் புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்), குளிர்விப்பு.

எண்ணில் ஜெயிப்பது புல்லிதான், அதில் சந்தேகமில்லை. சூப்பர்சார்ஜரில் உள்ள மேல் புல்லியைச் சிறியதாக மாற்றினாலோ அதைச் சுழற்றும் எஞ்சினின் கீழ்ப் புல்லியைப் பெரியதாக மாற்றினாலோ சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும். கம்பெனி வைத்த பூஸ்ட், அதாவது காற்றின் கூடுதல் அழுத்தம், சுமார் 11 பிஎஸ்ஐ. அது ஏறினால் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளில் கோடும் மேலே போகும். சிக்கல் என்னவென்றால், வேகமாகச் சுற்றும் சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்துவதோடு சுடவும் வைக்கிறது. காற்று சூடானால் எஞ்சினுக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும் தட்டல் வரக்கூடும். அதைத் தவிர்க்க எஞ்சின் கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குதிரைகளை அது ஒவ்வொன்றாகக் கொட்டிலில் கட்டிப்போட்டுவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு நண்பரின் வண்டியில். டெக்சஸில் ஆகஸ்ட் மாத மதியம். 12 அங்குலத் திரையில் வண்டியின் அளவுகளைக் காட்டும் பெர்ஃபார்மன்ஸ் பேஜஸைத் திறந்து, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை நடுவில் வைத்தோம். முதல் ஓட்டத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ஓட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனது, முதுகுக்கு அந்த உதை கிடைக்கவில்லை. நான்காவதுக்கு முன் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றோம். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தபோதும் எண் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. இறங்கி பானட் மேல் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அந்த வண்டியில் அன்றைக்கு எந்த மாற்றமும் செய்யப்பட்டிருக்கவில்லை.

அதனால்தான் வெப்பமான ஊரில் இருப்பவருக்கு என் முதல் பரிந்துரை குளிர்விப்பு. இந்த எஞ்சினில் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்கள் சூப்பர்சார்ஜருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கென்று தனிக் குளிர்நீர் ஓட்டம், தனி பம்ப், முன்னால் அந்த நீரை ஆற்றும் ரேடியேட்டர் போன்ற ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர். இந்த முன் ரேடியேட்டரைப் பெரியதாக்கினால் டைனோவில் முதல் ஓட்டத்தின் எண் அப்படியேதான் இருக்கும். ஐந்தாவது ஓட்டத்திலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் என்பதுதான் லாபம். பெருமை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத செலவு என்பதால்தான் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குளிர் மாநிலத்தில் இருப்பவர் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

ட்யூன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெறும் ட்யூன் மட்டும் போட்டாலே வண்டி கூர்மையாகும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் டார்க்குக்கு வைத்திருக்கும் வரம்பையும் சேர்த்துத் தளர்த்தினால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது. அதைத் திறக்கவோ மாற்றவோ தனிச் செலவு உண்டு. பெட்ரோலையும் பார்க்க வேண்டும். ஆக்டேன் எண் கூடக் கூடப் பெட்ரோல் தட்டலை அதிகம் தாங்கும். டெக்சஸில் 93 ஆக்டேன் எளிதாகக் கிடைக்கும், கலிஃபோர்னியா பெட்ரோல் பங்கில் பெரும்பாலும் 91-தான் உச்சம். 93-க்கு எழுதிய ட்யூனை 91-இல் ஓட்டாதீர்கள். அப்புறம் வாரண்டி. வெளியில் வாங்கிய பாகம் மாட்டியதற்காகவே வாரண்டியை மறுக்க 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் கெட்டுப்போனது எஞ்சினாக இருந்து, மாற்றியது எஞ்சினின் மூளையாக இருந்தால், வாதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. வாரண்டி மிச்சம் இருக்கிறவர் ட்யூனைத் தொடாமல் இருப்பது நல்லது.

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 35 அங்குலத்திலிருந்து 37-க்குப் போவதைப் பலர் தோற்றத்துக்குச் செய்கிறார்கள். டிஆர்எக்ஸின் ஆக்சில் விகிதம் 3.55, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.55 சுற்றுச் சுற்ற வேண்டும். டயர் பெரியதானால் அந்த விகிதம் சுமார் 3.36 போல வேலை செய்யும். அதாவது ஒவ்வொரு கியரிலும் சாலையைத் தள்ளும் விசை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது, டயரின் கூடுதல் எடை தனி. ஃபோர்டு தன் ராப்டர் ஆர் வண்டியை 37 அங்குல டயரோடு விற்கிறது என்றால், கூடவே 4.10 விகிதத்தையும் வைத்துத்தான் விற்கிறது. டயர் தேய்ந்திருந்தால் அதே 35-இல் நல்லதாகப் போடுங்கள். கம்பெனி டயருக்காகத்தான் வண்டியின் உச்ச வேகத்தையே 190 கி.மீ.யில் கட்டி வைத்திருக்கிறார்கள். பிடிப்பில்லாத டயரில் 702-உம் ஒன்றுதான், 800-உம் ஒன்றுதான்.

சரி, எனக்கு இந்த வண்டி கிடைத்தால்? முதல் மாதம் ஒன்றும் வாங்க மாட்டேன். எண்ணெய்களை மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, வெயிலில் நாலு ஓட்டம் ஓட்டி காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வேன். அப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். வாரண்டி முடிந்ததும் ட்யூன். புல்லி கடைசி. அதுவும் பெல்ட்டின் இழுவிசையைச் சரிபார்க்கத் தெரிந்த கையால்தான். அதே நண்பர் பிற்பாடு அவசரத்தில் சின்னப் புல்லியை மாட்டிக்கொண்டார். இரண்டு வாரத்தில் எஞ்சின் முன்பக்கம் முழுக்கக் கறுப்பாக ரப்பர் தூள் படிந்திருந்தது. பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தபோது, எஞ்சின் வேகமாகச் சுற்றும் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் பழைய புல்லியோடு இருந்த அளவைக்கூடத் தொடவில்லை.