ஏற்காட்டில் இரண்டு இரவும் ஒரு டெஸ்டரும்

போன மாதம் நானும் மனைவியும் ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் இரண்டு இரவு தங்கினோம். ஏரியைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் பழைய ஓட்டு வீடு. ஒரு இரவுக்கு 3,800 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. வீட்டின் பெயரைப் போடவில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் பாதையில் நடந்தால் வாசல் வந்துவிடும். உரிமையாளர் அம்மா பின்கட்டிலேயே குடியிருக்கிறார். நாட்டுக்கோழிக் குழம்பில் அவர் போட்டது சொந்தத் தோட்டத்து மிளகு. அதற்கப்புறம் சேலத்துக் கடை மிளகை என் மனைவி மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள். காப்பியும் அவர்களுடையதுதான், துளி சிக்கரி இல்லை. குளிருக்குக் கம்பளி இரண்டு கேட்டோம், மூன்று வந்தது.

அப்புறம் குளியலறைக்குப் போனேன். மின்வாரியத்தில் 31 வருஷம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் டெஸ்டர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. கீசரைப் போட்டுவிட்டு இரும்புக் குழாயில் வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது, குழாயில் மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். போர்டைத் திறந்தால், மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி என்னவோ இருக்கிறது, ஆனால் அதைத் தொடாமல் நேராக வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"அடிக்கடி விழுந்துடுதுன்னு எலக்ட்ரீசியன் தம்பி அப்படி மாத்திட்டாருங்க சார்."

"அது விழுந்ததே இதைச் சொல்லத்தாம்மா."

அந்த அம்மா பதறிப்போனார். உடனே கீசரை அணைத்தார். இரண்டு நாளும் விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தார். புகை வாசனையோடு குளித்தது உண்மையில் சுகமாகத்தான் இருந்தது.

இதை இவ்வளவு தூரம் எழுத வைத்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். என் மகள் அங்கே லீத் பகுதியில் இருக்கிறாள். 2023 கோடையில் மூன்று மாதம் அவளோடு இருந்தேன். வீட்டில் ஓர் அறையை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். ஸ்காட்லாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் இப்படிக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட உரிமம் வேண்டும். ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தவர்கள் 2023 அக்டோபர் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் நான் போனபோது வீடு முழுக்கக் காகிதம். எரிவாயுச் சான்றிதழ், மின்சாரச் சோதனை அறிக்கை, குழாய்த் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வர வாய்ப்புண்டா என்ற மதிப்பீடு. அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்ல வசதியாக 21 நாள் வாசலில் அறிவிப்பு. உரிமம் கிடைத்தால் அதன் எண்ணை விளம்பரத்தில் போட்டாக வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2,500 பவுண்டு வரை அபராதம்.

அங்கே எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்திருக்க வேண்டும் என்பது 2022 பிப்ரவரியிலிருந்து சட்டம். நான் சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய் தாளித்தேன். புகை நடைக்குப் போனது, வீடு மொத்தமும் அலறியது. கீழ்வீட்டுப் பாட்டி ஏறி வந்து விசாரித்தார். மகள் என்னை முறைத்த முறை இருக்கிறதே!

அந்த உரிமச் சட்டம் வந்ததற்கு வெறும் பாதுகாப்பு மட்டும் காரணமில்லை. ஒரே படிக்கட்டை எட்டுக் குடும்பம் பகிரும் பழைய அடுக்கு வீடுகளில், நடுராத்திரி பெட்டியை இழுத்துக்கொண்டு புதுப்புது ஆட்கள் ஏறினால் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? சுற்றுலாவுக்குப் போன வீடுகளால் உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைப்பதும் குறைந்தது. அதற்காக நகராட்சி ஒரேயடியாக இறுக்கவும் முடியவில்லை. அடுக்குக் குடியிருப்புகளில் முழு வீட்டை விடுவதற்கு அனுமதி மறுப்பதே பொது விதி என்று எடின்பரோ வைத்திருந்ததை, 2023 ஜூனில் அங்குள்ள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பிரெய்ட் சட்டவிரோதம் என்றார். அது மகளுக்குப் பொருந்தாது, அவள் தானும் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறைதானே விடுகிறாள். ஆனாலும் அன்று தெருவில் அதே பேச்சு. இப்போது தங்கும் கட்டணத்தில் 5 சதவீத வரி வேறு, 2026 ஜூலை 24 முதல் என்று முடிவாகியிருக்கிறது.

அப்போது மகளோடு சேர்ந்து நானும் புலம்பினேன். ஓர் அறைக்கு இவ்வளவு காகிதமா என்று. எரிந்த டெஸ்டரைப் பார்த்த பிறகு அந்தப் புலம்பலில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். லெஜியோனெல்லா காகிதம் மட்டும் ஒரே அறை விடுபவருக்கு இன்றைக்கும் அதிகம் என்றே நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கை. ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் காக்பர்ன். எடின்பரோவில் அதே பெயரில் ஒரு தெருவைப் பார்த்ததும் சத்தமாகப் படித்தேன். "கோபர்ன்னு சொல்லணும்ப்பா" என்றாள் மகள். இத்தனை வருஷம் தப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

சரி, போகலாமா? சாப்பாட்டுக்கும் மனசுக்கும் தாராளமாகப் போகலாம். கீசர் விஷயம் முடியட்டும் என்றுதான் பெயரைச் சொல்லவில்லை. கிளம்பும்போது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தேன். போன வாரம் புது ஈஎல்சிபியின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது, இணைப்பும் சரியாக இருந்தது. எர்த் குழியின் படம் இன்னும் வரவில்லை.